வரைபடத்தைப் படிப்பது எப்படி: மேட்டூர் நீர்மட்டம் முதல் ஆய்வக ரெக்கார்டு வரை

மேட்டூர் அணையின் நீர்மட்டம், நீர்வரத்து, நீர் திறப்பு ஆகிய மூன்று எண்களும் சேலம் மாவட்டத்துக்காரர்களுக்கு வானிலைச் செய்தியைவிட நெருக்கமானவை. காவிரியில் வெள்ளம் வரும் நாட்களில் தேநீர்க் கடையில் நிற்பவர் எவரும் அவற்றை மனப்பாடமாகச் சொல்லிவிடுவார். ஆகவே, இளநிலை அறிவியல் வகுப்புக்குப் புதிதாக வரும் மாணவர்களுக்கு முதல் வாரத்திலேயே ஒரு வரைபடத்தைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுவது என் வழக்கம். கிடை அச்சில் திங்கள் முதல் வெள்ளி வரையிலான நாட்கள் இருக்கும். செங்குத்து அச்சில் நீர்வரத்து, வினாடிக்கு இத்தனை கன அடி என்ற அலகில் இருக்கும். கோடு 40,000-இல் தொடங்கிச் சீராக இறங்கி 25,000-இல் முடியும். அந்த ஐந்து நாளும் அணையிலிருந்து வினாடிக்கு 10,000 கன அடி தண்ணீர் மாறாமல் திறந்துவிடப்படுகிறது என்று வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, "நீர்மட்டம் என்ன ஆகும்?" என்று கேட்பேன்.

"இறங்கும் சார்" என்பதுதான் பெரும்பாலான பெஞ்சுகளிலிருந்து வரும் விடை. கோடு இறங்குகிறது, ஆகவே நீர்மட்டமும் இறங்கும் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் வெள்ளிக்கிழமையன்றுகூட உள்ளே வருவது 25,000, வெளியே போவது 10,000. மிச்சம் 15,000 கன அடி ஒவ்வொரு வினாடியும் அணையிலேயே தங்குகிறது. ஒரு நாளுக்கு 86,400 வினாடி என்பதால், அன்று ஒரு நாளில் மட்டும் ஏறக்குறைய 1.3 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) தண்ணீர் சேர்ந்திருக்கும். அணையில் 100 அடி இருக்கும்போது நீர் இருப்பு சுமார் 65 டி.எம்.சி., முழுக் கொள்ளளவான 120 அடியில் 93.47 டி.எம்.சி. என்பதை வைத்துப் பார்த்தால், அந்த இருபது அடிக்குள் ஒவ்வோர் அடிக்கும் 1.4 டி.எம்.சி. அளவுக்குத் தேவைப்படுகிறது. அதாவது, நூறு அடியைத் தாண்டிய அணையாக இருந்தால், கோடு மிகத் தாழ்ந்திருக்கும் அந்த வெள்ளிக்கிழமையிலும் நீர்மட்டம் கிட்டத்தட்ட ஓர் அடி உயர்ந்துகொண்டுதான் இருக்கிறது. திங்களன்று நாளுக்கு இரண்டடி வீதம் உயர்ந்தது, வெள்ளியன்று ஓரடி வீதம் உயர்கிறது. குறைந்திருப்பது உயரும் வேகமே.

வீட்டு மாடித் தொட்டியில் மோட்டார் ஓடும்போது கீழே ஒரு குழாய் திறந்திருந்தால் தொட்டி நிறையுமா என்று கேட்டால் இதே மாணவர்கள் ஒரு கணமும் தயங்காமல் சரியான விடை சொல்கிறார்கள். விஷயம் தெரியாததால் வந்த பிழையல்ல இது. கோட்டைக் கண்டவுடன் அது எதைக் குறிக்கும் கோடு என்பதை மறந்துவிடுவதுதான் சிக்கல். அந்த மறதிக்கு எதிரான சில பழக்கங்களையே கீழே எழுதியிருக்கிறேன்.

வரைவதற்கு மதிப்பெண் உண்டு

இதில் மாணவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. செய்முறைத் தேர்வில் மூலையில் அளவுத்திட்டம் எழுதியிருக்கிறதா, அச்சுகளுக்குப் பெயர் இட்டிருக்கிறதா, புள்ளிகளைச் சுற்றிச் சிறு வட்டம் போட்டிருக்கிறதா என்று பார்த்து மதிப்பெண் போடுகிறோமே ஒழிய, வரைந்த பிறகு அந்தக் கோடு என்ன சொல்கிறது என்று கேட்பவர் குறைவு. மூன்றாண்டுப் படிப்பில் நான் வரைந்த கிராஃப் ஷீட்டுகளை அடுக்கினால் ஒரு சாண் உயரம் வரும். இறுதியாண்டு வாய்மொழித் தேர்வில், வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் என் ரெக்கார்டைப் புரட்டி, ஊசல் சோதனை வரைபடத்தில் விரலை வைத்து, "இந்தச் சாய்வுக்கு என்ன அலகு?" என்று கேட்டார். சாய்வுக்கு அலகு உண்டு என்பதே எனக்கு அன்றுதான் உறைத்தது. மதிப்பெண் குறையவில்லை என்பது வேறு விஷயம். வரைபடம் அழகாக இருந்தது.

இது நம் ஊர்க் குறை மட்டுமல்ல என்பதில் ஓர் ஆறுதல் உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் லில்லியன் மெக்டெர்மட்டும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் 1987-இல் வெளியிட்ட ஆய்வொன்று, பல்கலைக்கழக இயற்பியல் மாணவர்கள் வரைகோட்டின் உயரத்தையும் சாய்வையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. ராபர்ட் பெய்க்னர் 1994-இல் இதற்கென்றே ஒரு தேர்வை வடிவமைத்து வெளியிட்டார். ஊர் எதுவானாலும் மாணவர்கள் இடறும் கற்கள் பெரும்பாலும் அதே கற்கள்தாம்.

முதலில் கோட்டை மறையுங்கள்

புதிதாக ஒரு வரைபடம் கண்முன் வந்தால், உள்ளங்கையாலோ ஒரு தாளாலோ கோட்டை மறைத்துவிட்டு, அச்சுகளை மட்டும் பாருங்கள். விளையாட்டாகத் தோன்றினாலும், இந்த ஒரு பழக்கம் பாதித் தவறுகளைத் தடுத்துவிடும். கோடு கண்ணில் பட்டுவிட்டால், "ஏறுகிறது", "இறங்குகிறது" என்ற முடிவுக்கு மனம் தாவிவிடும். அதன்பின் அச்சில் எழுதியிருப்பதை நாம் படிப்பதில்லை, ஒப்புக்குப் பார்க்கிறோம்.

அச்சில் கவனிக்க வேண்டியவை நான்கு: எந்த அளவு, எந்த அலகு, எண்கள் எங்கே தொடங்குகின்றன, ஒரு கட்டம் நகர்ந்தால் எவ்வளவு மாறுகிறது. இந்த நான்காவதில்தான் ஆய்வகங்களில் நாம் அதிகம் ஏமாறுகிறோம். மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டுமே எளிதாகப் பாயவிடும் டையோடை வைத்துச் செய்யும் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னோக்குச் சார்பில் (அந்தத் திசையில் மின்னழுத்தம் கொடுக்கும்போது) மின்னோட்டத்தை மில்லிஆம்பியரிலும், பின்னோக்குச் சார்பில் (எதிர்த் திசையில் கொடுக்கும்போது) மைக்ரோஆம்பியரிலும் குறிக்கிறோம். மின்னழுத்தமும் ஒரு பக்கம் வோல்ட்டின் பத்திலொரு பங்குகளாகவும் மறுபக்கம் முழு வோல்ட்டுகளாகவும் இருக்கும். ஒரே தாளில், ஒரே ஆதிப்புள்ளியைச் சுற்றி, இரண்டு வெவ்வேறு அளவுத்திட்டங்கள் கூடியிருக்கின்றன. அதைக் கவனிக்காத மாணவர், கீழே இறங்கும் கோடு மேலே ஏறும் கோட்டில் பாதி உயரம் இருப்பதைப் பார்த்து, "ரிவர்ஸ் கரண்ட் ஃபார்வர்டில் பாதி" என்று எழுதிவிடுகிறார். ஒரு மில்லிஆம்பியர் என்பது ஆயிரம் மைக்ரோஆம்பியர் என்பதால், அவர் சொன்னது ஏறக்குறைய ஆயிரம் மடங்கு தவறு.

எந்த அளவு எந்த அச்சில் இருக்கும் என்பதும் துறைக்குத் துறை மாறும். நாம் மாற்றும் அளவு கிடை அச்சில், அதனால் மாறும் அளவு செங்குத்து அச்சில் என்று பள்ளியில் படித்திருப்போம். வளிமண்டல அறிவியலில் உயரத்தைச் செங்குத்து அச்சில் போடுவார்கள், ஏனென்றால் உயரம் மேல்நோக்கி இருப்பதுதான் கண்ணுக்கு இயல்பு. சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி என்ற சராசரி வீதத்தில் வெப்பநிலை குறைவதாகக் கொண்டால், மேலே ஏறுவதற்குள் சுமார் எட்டு டிகிரி குறைந்திருக்கும். இதை உயரம் செங்குத்தாக இருக்கும் வரைபடத்தில் வரைந்து சாய்வு கண்டால் 6.5 கிடைக்காது, ஒரு டிகிரி குறைவதற்குச் சுமார் 154 மீட்டர் ஏற வேண்டும் என்ற தலைகீழ் எண்தான் கிடைக்கும். இரண்டும் ஒரே செய்திதான். அலகைச் சேர்த்துச் சொல்பவருக்குக் குழப்பம் வராது. வெறும் எண்ணைச் சொல்பவர் மாட்டிக்கொள்வார்.

ஒரு புள்ளி, ஒரு முழு வாக்கியம்

அச்சுகளைப் படித்தாயிற்று. இனிக் கையை எடுத்துவிட்டு, கோட்டில் ஏதாவது ஒரு புள்ளியில் விரலை வையுங்கள். அந்தப் புள்ளி சொல்வதை, இரண்டு அளவுகளும் அவற்றின் அலகுகளும் வருமாறு, தமிழில் ஒரு முழு வாக்கியமாக வாய்விட்டுச் சொல்லுங்கள்: "மின்னழுத்தம் 0.7 வோல்ட் ஆகும்போது டையோடு வழியே 8 மில்லிஆம்பியர் மின்னோட்டம் பாய்கிறது." பிறகு சற்றுத் தள்ளி இன்னொரு புள்ளியில் விரலை வைத்து இன்னொரு வாக்கியம். இரண்டு வாக்கியங்களையும் ஒப்பிட்ட பிறகே "ஏறுகிறது", "இறங்குகிறது" என்ற சொற்களுக்கு அனுமதி.

தமிழில் சொல்லச் சொல்வதற்கு மொழிப்பற்று காரணமல்ல. ஒரு மாணவர் அதே டையோடு வரைபடத்தைக் காட்டி, "கரண்ட் எக்ஸ்பொனென்ஷியலா இன்க்ரீஸ் ஆகுது சார்" என்றார். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். கையை நீட்டி, காற்றில் மேல்நோக்கி ஒரு வளைவு போட்டுக் காட்டினார். அந்தச் சொல் அவருக்கு வளைவின் பெயராக மட்டுமே இருந்தது. "மின்னழுத்தத்தை ஒரே அளவு கூட்டும் ஒவ்வொரு முறையும் மின்னோட்டம் ஒரே மடங்கு பெருகுகிறது" என்று சொல்லவைத்ததும், அவரே தம் அட்டவணையை எடுத்து, அது உண்மைதானா என்று வகுத்துப் பார்க்கத் தொடங்கினார். தேர்வில் ஆங்கிலத்தில் எழுதுங்கள், தடையில்லை. புரிந்ததா என்று சோதிப்பதை அம்மாவிடம் பேசும் மொழியில் செய்யுங்கள்.

உயரம், சாய்வு, பரப்பு

ஒரே கோட்டிலிருந்து மூன்று வகைச் செய்திகளை எடுக்கலாம். கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஒன்று. எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது அல்லது இறங்குகிறது என்பது இரண்டு. கோட்டுக்கும் கிடை அச்சுக்கும் இடையே அடைபடும் பரப்பு மூன்று. கேள்வி எதைக் கேட்கிறது என்று தீர்மானிப்பதே பெரிய வேலை. அதற்கு நான் சொல்லித்தரும் குறுக்குவழி அலகுதான். சாய்வின் அலகு, செங்குத்து அச்சின் அலகைக் கிடை அச்சின் அலகால் வகுப்பது. பரப்பின் அலகு, இரண்டையும் பெருக்குவது. கேட்கப்படும் பொருளின் அலகு எதனுடன் ஒத்துப்போகிறதோ, அதைத்தான் அளக்க வேண்டும்.

மீண்டும் மேட்டூருக்கே வருவோம். நீர்வரத்தின் அலகு வினாடிக்குக் கன அடி. கிடை அச்சில் காலம். இரண்டையும் பெருக்கினால் கன அடி, அதாவது தண்ணீரின் கனஅளவு. எனவே, நீர்வரத்துக் கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பு அந்த நாட்களில் வந்து சேர்ந்த மொத்தத் தண்ணீர். அதே தாளில் நீர் திறப்புக்கு 10,000-இல் ஒரு கிடைக்கோடு போட்டால், இரண்டு கோடுகளுக்கும் நடுவே உள்ள பரப்பு அணையில் தங்கிய தண்ணீர். நீர்வரத்துக் கோடு எவ்வளவு வேகமாக இறங்கினாலும், அது திறப்புக் கோட்டுக்கு மேலே இருக்கும் வரை அணை நிறைந்துகொண்டுதான் இருக்கும். இரண்டும் வெட்டிக்கொள்ளும் கணத்தில்தான் நீர்மட்டம் உச்சத்தைத் தொடும். முதல் வாரக் கேள்விக்கான முழு விடை இதுதான். இதைச் சொல்லித்தருவதற்கு எனக்கு ஒரு முழு வகுப்பு போய்விடும், ஆனாலும் அதில் எனக்கு வருத்தமில்லை.

இன்னொரு வரைபடம் இதைவிடச் சுவையானது. கிடை அச்சில் அணையின் நீர்மட்டம் அடியில். செங்குத்து அச்சில் நீர் இருப்பு. இதை நேர்க்கோடு என்றுதான் எல்லோரும் முதலில் வரைவார்கள்: 120 அடிக்கு 93.47 டி.எம்.சி. என்றால், பாதியான 60 அடிக்குப் பாதி இருப்பு. உண்மையில் 60 அடியில் இருப்பது சுமார் 25 டி.எம்.சி. தான், கால் பங்கைவிடச் சற்றே அதிகம். ஏனென்றால், மலைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தாக்கு அடியில் குறுகியும் மேலே அகன்றும் இருக்கிறது. மேலே போகப் போக ஒவ்வோர் அடியும் அதிகத் தண்ணீரைக் கொள்கிறது. வரைகோடு மேல்நோக்கி வளைவதன் பொருள் அதுதான். இப்போது சாய்வின் அலகைப் பாருங்கள்: கன அடியை அடியால் வகுத்தால் சதுர அடி. அப்படியானால், இந்தக் கோட்டின் சாய்வு ஒரு பரப்பளவு, எதன் பரப்பளவு? அந்த மட்டத்தில் விரிந்துகிடக்கும் தண்ணீரின் மேற்பரப்பு. 100 அடிக்கும் 120 அடிக்கும் நடுவே ஓர் அடிக்கு 1.4 டி.எம்.சி. என்பதைச் சதுர அடியாக்கி மாற்றினால் ஏறக்குறைய 130 சதுர கிலோமீட்டர் வருகிறது. அணைப் பக்கம் எட்டிப் பார்க்காமலேயே, கிராஃப் ஷீட்டில் ஒரு முக்கோணம் வரைந்து ஏரியின் பரப்பை அளந்துவிட்டோம். சாய்வைப் பற்றி இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

சாய்வை அளக்கும்போது அட்டவணையிலுள்ள இரண்டு அளவீடுகளை எடுக்காமல், வரைந்த நேர்க்கோட்டின் மீது ஒன்றுக்கொன்று வெகுதொலைவில் உள்ள இரண்டு இடங்களை எடுங்கள். கோடு வளைவாக இருந்தால், வேண்டிய இடத்தில் தொடுகோடு வரைந்து அதன் சாய்வைக் காணுங்கள். இவை பாடநூலிலேயே இருப்பதால் இதற்கு மேல் விரிக்கவில்லை.

ஏற்காடு பேருந்து: வரைபடம் நிழற்படமல்ல

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் பேருந்தின் வேகத்தைக் காலத்துக்கு எதிராக வரையச் சொல்லுங்கள். அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரம் வரை சமதளம். அதன் பிறகு இருபது கொண்டை ஊசி வளைவுகள். வகுப்பில் பலர் வரைவது, அடிவாரம் வரை தாழ்வாகக் கிடந்து, அதன்பின் மலைபோல எழும்பும் கோடு. "பஸ் மேலே ஏறுகிறதே சார்" என்பார்கள். மலைப்பாதையில் தினமும் வந்துபோகும் மாணவி ஒருவர் மட்டும், அடிவாரம் வரை உயர்ந்தும், அதற்கு மேல் தாழ்ந்தும், ஒவ்வொரு வளைவிலும் பள்ளம் விழுந்து மீண்டும் சற்று எழும்பும்படியாகவும் வரைந்து, அருகில் வளைவு எண்களையும் போட்டிருந்தார். எதிரே வண்டி வந்து பேருந்து நின்றுவிட்ட ஓரிடத்தில் அவர் கோடு சுழியத்தைத் தொட்டிருந்தது.

வரைகோட்டைப் பாதையின் படமாகப் பார்க்கும் இந்தப் பழக்கம் இயற்பியலோடு நிற்பதில்லை. வேதிவினையின் ஆற்றல் வரைபடத்தில் வரும் மேட்டை மூலக்கூறுகள் உண்மையிலேயே ஏறிக் கடக்கும் குன்றாக எண்ணுபவர்களும், இனத்தொகை வரைகோட்டில் வரும் உச்சியை அந்த விலங்கு வாழும் மலையுச்சியாக எண்ணுபவர்களும் உண்டு. இதற்கு மருந்து, ஒரே பயணத்தை மூன்று விதமாக வரைவது: உயரம் எதிர் தொலைவு, தொலைவு எதிர் காலம், வேகம் எதிர் காலம். முதலாவது மட்டுமே சேர்வராயன் மலைபோல இருக்கும். இரண்டாவது எங்குமே இறங்காது. மலைப்பகுதியில் சாய்வு மட்டும் குறையும். திரும்பி வரும் பயணத்தையும் சேர்த்து வரைந்து பார்த்தால், கடந்த தொலைவுக்கும் சேலத்திலிருந்து உள்ள தொலைவுக்கும் இருக்கும் வேறுபாடும் கூடவே தெளியும்.

மட்டமான கோடு மூன்று வகை

சேலத்தில் மரவள்ளிக்கிழங்கு மாவுக்குப் பஞ்சமில்லை என்பதால், உமிழ்நீரிலுள்ள அமைலேஸ் நொதி மாவுச்சத்தைச் சிதைக்கும் சோதனைக்கு நாங்கள் பெரும்பாலும் அதையே பயன்படுத்துகிறோம். நிமிடத்துக்கு ஒரு முறை கலவையிலிருந்து சில துளிகளை அயோடின் கரைசலில் விட்டு, வரும் நீல நிறத்தை வண்ணமானியில் (கரைசல் எவ்வளவு ஒளியை உட்கவர்கிறது என்று காட்டும் கருவி) சிவப்பு வடிகட்டி போட்டு அளக்கிறோம். மாவுச்சத்து குறையக் குறைய நீலம் வெளுத்து, ஒளி உட்கவரும் அளவும் குறையும். கிடைக்கும் வரைகோட்டில் எங்கேயாவது ஒரு மட்டமான பகுதி இருக்கும். அதைப் பார்த்தவுடன் "வினை நின்றுவிட்டது" என்று எழுதுவது எங்கள் ஆய்வகத்தில் வழிவழியாக வரும் வாக்கியம்.

ஆனால் மட்டம் எந்த உயரத்தில் என்று பார்க்க வேண்டும். கோடு சுழியத்தை ஒட்டி மட்டமானால், மாவுச்சத்து தீர்ந்துவிட்டது. நொதி இன்னும் வேலைக்குத் தயாராக இருக்கலாம். பாதி உயரத்திலேயே மட்டமானால், மாவுச்சத்து மிச்சம் இருக்கும்போதே நொதி செயலிழந்துவிட்டது. நீர்த்தொட்டி அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கலாம். தொடக்கத்திலேயே, உச்சியில், ஓரிரு நிமிடங்கள் மட்டமாக இருந்தால், அங்கே வினை முழுவேகத்தில் நடந்துகொண்டிருக்கக்கூடும். நிறம் மிக அடர்த்தியாக இருப்பதால் வண்ணமானியால்தான் வேறுபாட்டைக் காட்ட முடியவில்லை. உட்கவர் அளவு 1 என்றால் பத்தில் ஒரு பங்கு ஒளிதான் ஊடுருவுகிறது, 2 என்றால் நூற்றில் ஒரு பங்குதான். அந்தச் சொற்ப ஒளியில் பாதி குறைந்தாலும் கூடினாலும் சாதாரண ஆய்வகக் கருவி தடுமாறும். மூன்று இடத்திலும் சாய்வு சுழியமே. மூன்றுக்கும் காரணம் வேறு. சாய்வையும் உயரத்தையும் சேர்த்துப் படித்து, அளந்த கருவியையும் நினைவில் வைத்துக்கொண்டால் மட்டுமே எது எது என்று பிரிக்க முடியும்.

வளைந்ததை நிமிர்த்தும்போது

1, 10, 100 ஆகிய எண்கள் சம இடைவெளியில் வரும் மடக்கை (log) அளவுகோலில் சம தூரம் என்பது சம கூட்டல் அல்ல, சம பெருக்கல். 10-க்கும் 100-க்கும் சரியாக நடுவே உள்ள புள்ளியை 55 என்று படிப்பவர்கள் முதுகலையிலும் இருக்கிறார்கள். அது சுமார் 32. இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிக்கும் பாக்டீரியா சாதாரணத் தாளில் செங்குத்தாக மேலேறும் வளைவாகவும், செங்குத்து அச்சு மட்டும் மடக்கை அளவில் உள்ள அரை மடக்கைத் தாளில் நேர்க்கோடாகவும் தெரியும். இரண்டாவதைப் பார்த்து "வளர்ச்சி சீரானது, கட்டுக்குள் இருக்கிறது" என்று எழுதுவது பெரும்பிழை.

வேதியியலில், வினைவேகம் வெப்பநிலையோடு எப்படி மாறுகிறது என்று காட்டும் அரீனியஸ் வரைபடம் இன்னொரு பொறி. செங்குத்து அச்சில் இருப்பது வினைவேக மாறிலியின் இயல் மடக்கை. கிடை அச்சில் இருப்பது வெப்பநிலையின் தலைகீழ் என்பதால், வலப்பக்கம் போகப் போகக் குளிர்ச்சி. கோடு கீழிறங்குவதைப் பார்த்து, சூடேற்றினால் வினை மந்தமாகிறது என்று எழுதியவரின் தாளை நான் திருத்தியிருக்கிறேன். சாய்வு மைனஸ் 6,000 கெல்வின் என்று வந்தால், அதன் அளவை வளிம மாறிலியான 8.314-ஆல் பெருக்குங்கள்; மோலுக்குச் சுமார் 50 கிலோஜூல் கிளர்வு ஆற்றல் (வினை நடக்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல்) கிடைக்கும்.

நிமிர்த்திய கோடுகளில் எனக்குப் பிடித்தது, என்னைத் தேர்வில் திணறவைத்த ஊசல்தான். அலைவு நேரத்தின் வர்க்கத்தை நீளத்துக்கு எதிராக வரைந்தால் நேர்க்கோடு. சாய்வு மீட்டருக்குச் சுமார் 4.03 வினாடி வர்க்கம். பை வர்க்கத்தின் நான்கு மடங்கை இதனால் வகுத்தால் ஈர்ப்பு முடுக்கம் 9.8 கிடைக்கும். மாணவர் நூலின் நீளத்தை மட்டும் அளந்து, குண்டின் ஆரத்தைச் சேர்க்க மறந்துவிட்டால், கோடு ஆதிப்புள்ளி வழியே போகாமல், கிடை அச்சை இடப்பக்கம் ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி வெட்டும். அந்தத் தூரத்தை அளவுத்திட்டப்படி மாற்றினால் வருவது மறந்துபோன ஆரமே. சாய்வும் அதனால் வரும் விடையும் கெடுவதில்லை. இவ்வளவு அருமையான செய்தியை, "கோடு ஆதிப்புள்ளி வழியேதான் போக வேண்டும்" என்று நம்பி, ரப்பரால் அழித்து வளைத்துவிடுகிறார்கள். கோடு எங்கே போக வேண்டும் என்பதைப் புள்ளிகள் முடிவு செய்யட்டும்.

புள்ளிகளின் சிதறல்

புள்ளிகளை ஒவ்வொன்றாக இணைத்து வேலிபோலக் கோடு போடாதீர்கள். அவற்றுக்கு நடுவே, இருபுறமும் ஏறக்குறையச் சமமாக விலகியிருக்குமாறு ஒரே கோடு போடுங்கள். ஆனால் கணினி போட்டுத்தரும் கோட்டை அப்படியே நம்பிவிடவும் வேண்டாம். பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் என்ற புள்ளியியலாளர் 1973-இல் நான்கு தரவுத் தொகுப்புகளை வெளியிட்டார். நான்கிலும் சராசரிகள் ஒன்றே, ஒட்டுறவுக் கெழு (புள்ளிகள் ஒரு நேர்க்கோட்டை எவ்வளவு நெருக்கமாக ஒட்டியிருக்கின்றன என்று காட்டும் எண்) 0.816 என்பதும் ஒன்றே, பொருந்தும் நேர்க்கோடும் ஒன்றே. வரைந்து பார்த்தால் ஒன்று இயல்பான சிதறல், ஒன்று தெளிவான வளைவு, ஒன்றில் ஒரே ஒரு புள்ளி நேர்க்கோட்டை இழுத்துச் சாய்த்திருக்கும், மற்றொன்றில் செங்குத்தாக அடுக்கிய புள்ளிகளிலிருந்து வெகுதூரம் விலகிய ஒரே புள்ளிதான் கோட்டையே உண்டாக்கியிருக்கும். எக்செலில் அந்த எண்களை ஒரு முறை நீங்களே இட்டு வரைந்து பாருங்கள்.

புள்ளிகளின் மீது பிழைப்பட்டைகள் (புள்ளிக்கு மேலும் கீழும் நீளும் சிறு கோடுகள்) இருந்தால், அவை திட்டவிலக்கமா (அளவீடுகளின் சிதறல்), திட்டப்பிழையா (சராசரியின் நிச்சயமின்மை), 95 சதவீத நம்பக இடைவெளியா என்று படத்தின் கீழே தேடுங்கள். 25 அளவீடுகளின் திட்டப்பிழை, திட்டவிலக்கத்தில் ஐந்தில் ஒரு பங்குதான். எதை வரைந்தார்கள் என்று தெரியாமல் பட்டையின் நீளத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. கடைசிப் புள்ளிக்கு அப்பால் நீட்டிய கோட்டை எப்போதும் புள்ளிக்கோடாகப் போடுங்கள்.

ஒரு பயிற்சி

இதற்குச் செலவு இல்லை, இருவர் வேண்டும், அவ்வளவுதான். முதுகோடு முதுகு ஒட்டி உட்காருங்கள். ஒருவர் கையில் பாடநூலிலுள்ள வரைபடம். இன்னொருவர் கையில் வெறும் கிராஃப் ஷீட். பார்ப்பவர் சொல்லச் சொல்ல, மற்றவர் வரைய வேண்டும். மேலே, கீழே, வளைவு, நேராக, மலை, பள்ளம் ஆகிய சொற்களுக்குத் தடை. அச்சுகளின் பெயர், அலகு, "இவ்வளவு ஆகும்போது இவ்வளவு", "இங்கிருந்து அங்கே போவதற்குள் இத்தனை மடங்கு" என்பவை மட்டுமே அனுமதி.

சென்ற பருவத்தில் இரண்டு மாணவிகள் அமைலேஸ் வரைபடத்தை வைத்து இதைச் செய்தார்கள். சொன்னவர் மூன்று புள்ளிகளைச் சொல்லி முடித்ததும் வரைந்தவர் பென்சிலை நிறுத்தி, "மூணாவது நிமிஷத்துக்கும் நாலாவது நிமிஷத்துக்கும் நடுவுல எவ்ளோ குறைஞ்சுதுடி?" என்று கேட்டார். சொல்லிக்கொண்டிருந்தவர் பதில் சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, வரைபடத்தைக் கண்ணருகே கொண்டுபோய், கட்டங்களை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினார்.